கைகால் வெட்டாத வலிப்பு: ஐ.சி.யூ.வில் 24 மணி நேர இ.இ.ஜி. எதற்கு?

குமரி மாவட்டம் கருங்கல் பக்கத்துத் தம்பி ஒருவரின் கேள்வி இது. அவருடைய அம்மாவுக்கு மூளையில் ரத்தக்கசிவு. ஆபரேஷன் முடிந்து நான்கு நாள் ஆகிறது. சி.டி. ஸ்கேன் பரவாயில்லை, மயக்க மருந்தையும் குறைத்துவிட்டோம் என்கிறார்கள். ஆனால் அம்மா கண் திறக்கவில்லை. நேற்று தலை முழுக்க ஒயர் ஒட்டி, 24 மணி நேரம் மூளை அலையைப் பதிவு செய்ய வேண்டும், அதாவது இ.இ.ஜி. எடுக்க வேண்டும் என்றார்களாம். "அம்மாவுக்கு இதுவரை ஒரு தடவைகூட ஃபிட்ஸ் வந்ததில்லை. இது தேவைதானா, இல்லை பில்லுக்காகவா? தலையில் ஷாக் கொடுக்கிறார்களா? 20 நிமிட இ.இ.ஜி. போதாதா?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, நான் இ.இ.ஜி. டெக்னீஷியன். அந்த ஒயர்களை ஒட்டுவதுதான் பல வருடமாக என் வேலை. உங்கள் கேள்வியை ஐ.சி.யூ. வாசலில் நிற்கிற ஏறக்குறைய எல்லோரும் கேட்கிறார்கள். பாதிப் பேர் வாய்விட்டுக் கேட்பதில்லை, அவ்வளவுதான். நீங்கள் சொன்ன நிலைமையில் இந்தப் பதிவு தேவையான ஒன்று. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஷாக் பயத்தைப் போக்கிவிடலாம். அந்த ஒயர் வழியாக அம்மாவின் தலைக்குள் மின்சாரம் எதுவும் போகாது. மூளை தானாக உண்டாக்குகிற மின்சாரத்தைத்தான் மண்டைக்கு வெளியே இருந்து அது எடுக்கிறது. மண்டைத்தோலில் கிடைப்பது ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் சில பத்துப் பங்குதான். 1924இல் ஜெர்மனியில் யேனா என்ற ஊரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் மனித மூளையிலிருந்து முதன்முதலாக இதைப் பதிவு செய்தார். நூறு வருடம் ஆகியும் அடிப்படை மாறவில்லை. கருவிதான் மாறியிருக்கிறது.

அடுத்தது, அம்மாவுக்கு ஃபிட்ஸே வரவில்லையே என்பது. நம் எல்லோரையும் ஏமாற்றுகிற இடம் இதுதான். வலிப்பு என்று சொன்னதுமே கைகால் வெட்டி இழுப்பது, வாயில் நுரை தள்ளுவது, யாராவது ஓடிப்போய்க் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, இவைதான் நம் மனதில் வரும். (சாவியால் எந்தப் பயனும் இல்லை. ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையில் அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.) ஆனால் கைகால் வெட்டுவது வெளியே தெரிகிற பகுதி மட்டும்தான். வலிப்பு நடக்கிற இடம் மூளை.

தோவாளைப் பூச்சந்தைக்கு விடியற்காலையில் போயிருக்கிறீர்களா? ஆளாளுக்கு ஒரு விலை கூவுவார்கள். தள்ளி நின்று கேட்டால் ஒரே இரைச்சல், ஆனால் உள்ளே வியாபாரம் ஒழுங்காக நடக்கும். விழித்திருக்கிற மூளையின் அலை கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். சந்தையின் ஒரு மூலையில் நாலு பேர் ஒரே தாளத்தில் கைதட்ட ஆரம்பித்து, பக்கத்தில் இருப்பவர்களும் சேர்ந்து, கடைசியில் சந்தை முழுக்க அந்த ஒரே தாளம் மட்டும் கேட்டால் வியாபாரம் நின்றுபோகும். வலிப்பு என்பது அதுதான். தாளம் கைகாலை அசைக்கிற பகுதிக்குப் போனால் உடம்பு வெட்டும். அங்கே போகாவிட்டால், அல்லது அங்கிருந்து கைகாலுக்கு இறங்குகிற பாதை ஏற்கெனவே அடிபட்டிருந்தால், வெளியே ஒன்றுமே தெரியாது. ஆள் தூங்குகிற மாதிரிதான் இருப்பார். ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டருக்காக உடம்பைத் தளர்த்துகிற மருந்து ஓடுகிறது என்றால், பெரிய வலிப்பே வந்தாலும் ஒரு விரல்கூட அசையாது. அந்த நேரத்தில் அலையைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

இது அரிதாக நடக்கிற ஒன்று என்று நினைக்காதீர்கள். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவர்கள் தொடர் இ.இ.ஜி. போட்ட 570 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். 110 பேருக்கு வலிப்பு இருந்தது, அதாவது ஐந்தில் ஒருவருக்கு. அந்த 110 பேரில் 100க்கு 92 பேருக்கு வந்தது வெளியே தெரியாத வலிப்பு மட்டும்தான். கருவி இல்லையென்றால் யாருக்கும் தெரிந்திருக்காது. அதற்கு முன்பே, 1998இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 164 பேரைப் பார்த்தார்கள். அவர்களுக்கு நீண்ட வலிப்பு வந்து, மருந்து கொடுத்து, கைகால் வெட்டுவதும் நின்றிருந்தது. அதற்குப் பிறகும் 100க்கு 48 பேருக்கு மூளையில் வலிப்பு அலை தெரிந்தது. "அப்பாடா, நின்னுட்டு" என்று வீட்டார் மூச்சு விடுகிற அந்த நேரத்தில்தான்!

உங்கள் அம்மாவைப் போல ரத்தக்கசிவு வந்தவர்களுக்கும், மூளைக்காய்ச்சல், தலைக்காயம், மாரடைப்பில் இதயம் நின்று திரும்பியவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். நம் மாவட்டத்தில் பைக்கில் ஹெல்மெட் இல்லாமல் விழுந்தவர்களும், பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுந்தவர்களும் ஐ.சி.யூ. கட்டிலில் கிடப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வெளியே சிந்திய ரத்தம் மூளையின் மேற்பரப்பை உறுத்திக்கொண்டே இருக்கும். ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்றால் கசிவு கூடவில்லை, வீக்கம் கூடவில்லை என்று அர்த்தம். மூளை வேலை செய்கிறதா என்று ஸ்கேன் சொல்லாது. ஸ்கேன் வீட்டின் போட்டோ மாதிரி. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேறு வழி வேண்டும். ஸ்கேன் நன்றாக இருந்தும், மயக்க மருந்து குறைந்தும் ஆள் விழிக்கவில்லை என்றால் டாக்டர் முதலில் சந்தேகப்பட வேண்டியவற்றில் இந்த ஒளிந்த வலிப்பும் ஒன்று. மற்றவை சோடியம் குறைவது, சர்க்கரை ஏறி இறங்குவது, கிருமித்தொற்று, மருந்து உடம்பை விட்டு வெளியேறாமல் தங்கிவிடுவது. அவற்றுக்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. வலிப்புக்கு இது.

மருந்து என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிட்னி கெட்டுப்போனவர்களுக்கு செஃபிபைம் என்ற ஆன்டிபயாடிக்கை அளவு குறைக்காமல் கொடுத்தால் அதுவே மூளையில் இப்படி வெட்டாத வலிப்பை உண்டாக்கலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2012இல் இதற்கு எச்சரிக்கையே வெளியிட்டது. நான் பார்த்த ஒரு பெரியவர் அப்படித்தான். மூன்று நாளாகப் பேச்சில்லை, கூப்பிட்டால் வெறித்துப் பார்ப்பார். "வயசாயிட்டுல்லா, காய்ச்சல்ல சன்னி கண்டிருக்கு" என்று வீட்டார் மனதைத் தேற்றிக்கொண்டார்கள். ஒயரை ஒட்டிப் பார்த்தால் அலை விடாமல் ஒரே தாளத்தில் ஓடுகிறது. டாக்டர் அந்த மருந்தை நிறுத்தி, டயாலிசிஸ் செய்து, வலிப்பு மருந்தும் கொடுத்தார். இரண்டாம் நாள் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கட்டன்சாயா கேட்டார். எல்லோருக்கும் இப்படி நடக்காது. ரத்தக்கசிவு அதைவிடப் பெரிய காயம். ஆனாலும் சரிசெய்யக்கூடிய ஒன்றைத் தேடாமல் விட்டுவிடக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு அந்தப் பெரியவர் ஒரு காரணம்.

சரி, 20 நிமிடம் ஏன் போதாது? இந்த வலிப்பு தொடர்ந்து வந்துகொண்டிருக்காது. இரண்டு நிமிடம் வரும், ஒரு மணி நேரம் காணாமல் போகும், நள்ளிரவில் மூன்று தடவை வரும். 20 நிமிடப் பதிவு என்பது நாளில் 72இல் ஒரு பங்கு. நான் சொன்ன 2004 ஆய்வில், வலிப்பு இருந்தவர்களில் 100க்கு 88 பேருக்கு முதல் 24 மணி நேரத்துக்குள் அது பிடிபட்டது. அப்படி வலிப்பு இருந்து, கோமாவிலும் இருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு 24 மணி நேரம் கடந்த பிறகுதான் முதல் வலிப்பே தெரிந்தது. அதனால்தான் குறைந்தது 24 மணி நேரம் என்றும், கோமா என்றால் 48 மணி நேரம் என்றும் ஒரு வழக்கம் வந்தது. எல்லோருக்கும் அவ்வளவு நேரம் வேண்டும் என்பதில்லை. நோயாளி ஓரளவு விழிப்பாக இருந்து, முதல் ஒரு மணி நேரப் பதிவில் சந்தேகப்படும்படி ஒரு கூர்அலையும் (முள் மாதிரி கூராக எழுகிற அலை) இல்லை, முன்பு வலிப்பும் வந்ததில்லை என்றால் அதற்குப் பிறகு வருகிற வாய்ப்பு மிகவும் குறைவு. அங்கே நிறுத்திக்கொள்ளலாம். உங்கள் அம்மா கண்ணே திறக்கவில்லை. அதனால் 24 மணி நேரம் கேட்டது நியாயம்தான்.

ஒட்டுகிற வேலையைச் சொல்கிறேன். பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்கு அது வேதனை தருகிற காட்சி என்று எனக்குத் தெரியும். மூக்கும் நெற்றியும் சேருகிற குழியிலிருந்து பின்மண்டையில் துருத்திக்கொண்டிருக்கிற எலும்பு வரை டேப் வைத்து அளப்போம். ஒரு காதிலிருந்து மறு காதுக்கும் அளப்போம். அந்த அளவில் பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று பிரித்துப் பென்சிலால் புள்ளி வைப்போம். ஒவ்வொரு புள்ளியிலும் முடியை விலக்கி, பஞ்சு சுற்றிய குச்சியில் சொரசொரப்பான ஜெல்லைத் தொட்டு, தோல் லேசாகச் சிவக்கிற வரை தேய்ப்போம். அப்புறம் பசையோடு ஒரு சின்ன உலோகக் கிண்ணம், மேலே ஒரு துண்டு கட்டுத்துணி. மொத்தம் 21 இடம். ஆபரேஷன் காயம் இருந்தால் அந்த இடத்தை விட்டுத் தள்ளி ஒட்டுவோம். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துத் தலைப்பாகை மாதிரி கட்டிவிடுவோம். இதற்காக முடியை மழிக்க வேண்டியதில்லை.

நம் ஊரில் எனக்குப் பெரிய எதிரி தேங்காயெண்ணெய். ஊறி ஊறி வளர்ந்த முடி, எத்தனை தடவை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாலும் பசை வழுக்கும். வழுக்கினால் அந்த ஒயரில் வருவது மூளை அலையாக இருக்காது, வெறும் இரைச்சல்தான். கட்டிலில் கிடக்கிற அம்மாவுக்குத் தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டும் என்று மகள்களுக்கு மனம் அடித்துக்கொள்ளும். ஒயரை எடுக்கிற வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தலையில் கைவைத்து ஜெபிப்பவர்களையும், நெற்றியில் திருநீறு பூசுகிறவர்களையும் நான் ஒருபோதும் தடுத்ததில்லை. கையைப் பிடித்துக்கொண்டு ஜெபியுங்கள், திருநீற்றைக் கழுத்தில் பூசுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். நெற்றியிலும் மூன்று நான்கு ஒயர் இருக்கிறது. செல்போன் சார்ஜரைக் கட்டில் பக்கத்துப் பிளக்கில் செருகாதீர்கள். கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அலையில் ஏறிவிடும்.

அலையில் வருகிற எல்லா முள்ளும் வலிப்பு இல்லை. சளி எடுக்க முதுகில் தட்டினால் அதே தாளத்தில் அலை வரும். வென்டிலேட்டர் குழாயில் தேங்கிய தண்ணீர் குலுங்கினால் வரும். வாயை மென்றால் வரும். ஆரம்ப காலத்தில் ஒரு தடவை, முதுகு தட்டும்போது வந்த அலையைப் பார்த்துப் பதறி டாக்டரை எழுப்பியிருக்கிறேன். அதனால்தான் பதிவோடு சேர்த்து வீடியோவும் எடுக்கிறார்கள். உண்மையான வலிப்பு ஒரே மாதிரி நிற்காது. ஓர் இடத்தில் சின்னதாகத் தொடங்கி, வேகம் மாறி, உயரம் கூடி, பக்கத்து ஒயர்களுக்குப் பரவி, கடைசியில் மெதுவாகி அடங்கும். இந்த மாற்றம் 10 விநாடியாவது தெரிய வேண்டும். இல்லையென்றால் கூர்அலைகள் விநாடிக்கு இரண்டரைக்கு மேல் என்ற கணக்கில் 10 விநாடி ஓட வேண்டும். அப்போதுதான் வலிப்பு என்று எழுதுவார்கள். தொடர்ந்து 10 நிமிடம், அல்லது விட்டு விட்டு ஒரு மணி நேரத்தில் 12 நிமிடம் என்றால் அது அவசர நிலை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு மங்கலான பகுதி இருக்கிறது. விநாடிக்கு ஒரு முள் என்று சீராக வந்துகொண்டே இருக்கும். வலிப்பு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அனுபவமுள்ள நரம்பியல் டாக்டர்களே அந்த இடத்தில் ஒருவருக்கொருவர் மாறுபடுவார்கள். ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்த்து, அலையும் மாறுகிறதா, ஆளும் தெளிகிறாரா என்று கவனிப்பார்கள். "நேற்று ஒன்று சொன்னார், இன்று ஒன்று சொல்கிறார்" என்று அதற்காக டாக்டர் மேல் கோபப்படாதீர்கள்.

வலிப்பு பிடிபட்டால் என்ன செய்வார்கள்? முதலில் லோராசெபாம் அல்லது மிடசோலாம் ஊசி. கூடவே லெவெடிராசெட்டம், ஃபாஸ்ஃபெனிடாயின், வால்ப்ரோயேட் இவற்றில் ஒன்று. கைகால் வெட்டுகிற நீண்ட வலிப்பில் இந்த மூன்றையும் ஒப்பிட்டு 2019இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. மூன்றும் சமம்தான், ஒவ்வொன்றும் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் கேட்டது. அதற்கும் அடங்காவிட்டால் மிடசோலாம் அல்லது புரோபோஃபால் டிரிப். அப்போதும் ஒயர் தேவைப்படும். டிரிப் போதுமா, கூடுதலா, குறைக்கும்போது வலிப்பு திரும்புகிறதா என்று அலையைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

இதுவரை நன்மையை மட்டும் சொன்னேன். மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அது நியாயமாகாது. தொடர் இ.இ.ஜி. போட்டதால் கூடுதல் பேர் பிழைக்கிறார்கள் என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை. 2020இல் வெளியான ஒரு சுவிட்சர்லாந்து ஆய்வில் 364 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு 30 முதல் 48 மணி நேரப் பதிவு, மறு பகுதிக்கு 20 நிமிடப் பதிவு இரண்டு தடவை. தொடர் பதிவில் மூன்று மடங்குக்கு மேல் வலிப்பு பிடிபட்டது, மருந்தும் அதிகம் மாற்றப்பட்டது. ஆனால் ஆறு மாதம் கழித்து இறந்தவர்கள் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. அடிப்படைக் காயம்தான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். ஆனாலும் விழிக்காத ஆளுக்கு ஏன் விழிக்கவில்லை என்று தெரிந்துகொள்வதும், தேவையில்லாத வலிப்பு மருந்தை நிறுத்த முடிவதும் சின்ன விஷயங்கள் இல்லை.

அந்த ஆய்வில் நம் ஊருக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. தொடர் பதிவு வசதி இல்லாத ஆஸ்பத்திரியில் குறுகிய இ.இ.ஜி.யைத் திரும்பத் திரும்ப எடுப்பதும் மதிப்புள்ள வழிதான். இந்த ஒன்றுக்காக மட்டும், வென்டிலேட்டரில் இருக்கிறவரை ஆம்புலன்ஸில் ஏற்றி, மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசலைத் தாண்டித் திருவனந்தபுரம் கொண்டுபோக வேண்டும் என்று குடும்பங்கள் அவசரப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே ஸ்ரீசித்திரா மாதிரி வலிப்பு நோய்க்கென்றே பேர் பெற்ற நிறுவனம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் ரத்த அழுத்தம் நிலையில்லாத ஆளுக்கு அந்தப் பயணமே ஆபத்து. பார்க்கிற டாக்டர் அனுப்பலாம் என்றால் மட்டும் கிளம்புங்கள்.

பணம் பற்றி: ஒரு நாளுக்கு எவ்வளவு, எப்போது நிறுத்துவார்கள், காப்பீட்டில் அடங்குமா என்று இன்றே காப்பீட்டு உதவி மேசையில் கேட்டுவிடுங்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: "பதிவை யார் பார்க்கிறார்கள், ஒரு நாளில் எத்தனை தடவை?" திரையில் ஒரு பக்கம் என்பது 10 விநாடி. 24 மணி நேரத்துக்கு 8,640 பக்கம். மணிக்கணக்கான அலையை ஒரே வண்ணப்படமாகச் சுருக்கிக் காட்டுகிற மென்பொருள் இருக்கிறது, வேலை எளிதாகும். ஆனாலும் ஒரு மனிதர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். காலையில் ஒட்டி மறுநாள் காலையில்தான் யாராவது திறந்து பார்ப்பார்கள் என்றால், இரவு 11 மணிக்கு வந்த வலிப்புக்கு மருந்து காலை 9 மணிக்குத்தான் கிடைக்கும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் அப்படி நடந்தது. அது இன்றும் என் மனதை அறுக்கிறது. நாளில் இரண்டு மூன்று தடவையாவது பார்க்கிறார்களா, சந்தேகம் வந்தால் இரவில் யாரைக் கூப்பிடுவார்கள் என்று பணிவாகக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

நீங்கள் உள்ளே போய்ப் பார்க்கிற பத்து நிமிடமும் வீணில்லை. அம்மாவின் இமையோரம், வாயோரம், கட்டைவிரல் இந்த மூன்றையும் பாருங்கள். சின்னத் துடிப்பு விடாமல் இருக்கிறதா, கண்ணைத் திறந்து பார்த்தால் கருவிழி ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டிருக்கிறதா என்று நர்ஸிடம் கேளுங்கள். தெரிந்தால் மணியைப் பார்த்து உடனே சொல்லுங்கள். அந்த நேரத்தைப் பதிவில் குறித்துவிட்டால் டாக்டர் நேராக அந்தப் பக்கத்துக்குப் போய்விடுவார். பல வருடத்துக்கு முன் ரப்பர் வெட்டுகிற ஒருவருக்குத் தலைக்காயம். "அவுங்க உதடு மட்டும் துடிக்கி" என்று முதலில் சொன்னது அவர் மனைவிதான். திரையில் அந்த நிமிடத்தைத் திறந்தபோது அலை இருந்தது. நெற்றியில் ஒயருக்குக் கீழே தோல் சிவந்து புண்ணாகிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள். இரண்டாம் நாள் முதல் அது வரலாம், இடம் மாற்றி ஒட்டிக்கொள்ளலாம். எம்.ஆர்.ஐ.க்குக் கொண்டுபோனால் சாதாரண ஒயர்களை எடுத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும், அதையும் ஞாபகப்படுத்துங்கள்.

நாளைக்கு ரிப்போர்ட் வரும். அதில் "அலை பொதுவாக மெதுவாக இருக்கிறது, வலிப்பு இல்லை" என்று இருந்தால் வலிப்பைத் தள்ளிவைத்துவிட்டு வேறு காரணம் தேடலாம். பயப்பட வேண்டாம், காயம்பட்ட மூளை மெதுவாகத்தான் ஓடும். "வலிப்பு" என்று இருந்தால் எத்தனை தடவை, எந்தப் பக்கம், மருந்துக்குப் பிறகு நின்றதா என்று கேளுங்கள். ரிப்போர்ட்டின் கடைசிப் பத்தியை, அம்மா பேரையும் ஆஸ்பத்திரி பேரையும் எடுத்துவிட்டு, எழுதி அனுப்புங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன அர்த்தம் என்று உட்கார்ந்து விளக்கித் தருகிறேன்.